அண்டியாப்பீசில் மூன்று முதலாளிகள்

1977-ல் நான் கணக்கெழுதச் சேர்ந்த அண்டியாப்பீசில் இருந்த இயந்திரங்கள் மொத்தம் மூன்று: ஒரு தராசு, ஒரு லாரி, முதலாளியின் நாக்கு. தராசு எப்படி இயந்திரமாகும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது தெரியவர எங்களுக்கே நாற்பது வருஷம் ஆயிற்று.

அரசு ஆவணத்தில் அது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் அப்படிச் சொன்னால் யாருக்கும் வழி காட்டத் தெரியாது. நானோ கிழக்கே நாஞ்சில் நாட்டுக்காரன். கோட்டைக் கணக்கில் நெல் அளந்த வீடு. நெல் போன பிறகும் கணக்கு மட்டும் மிஞ்சியிருந்த வீடு. மார்த்தாண்டத்துக்கு அப்பால் வேலை என்றதும் அம்மை, நான் கொழும்புக்குக் கப்பலேறுவதுபோல் அழுதாள். ஏறியது கட்டபொம்மன் பஸ். எண்பதுகளில் அது நேசமணி பஸ் என்று பெயர் மாறியது, நான் மாறவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்குமுன்பே புகை வந்துவிடும். தோட்டண்டியை, அதாவது தோடு உடைக்காத முந்திரிக்கொட்டையை, டிரம்மில் போட்டு வறுக்கிற புகை. வறுக்கிறவர்கள் ஆண்கள். வறுத்ததைச் சாம்பலில் புரட்டி உள்ளே கொட்டினால் அங்கே நீளமான கொட்டகையில் இருநூறு முந்நூறு பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரு கல், ஒரு சின்னக் கட்டை, ஒரு தட்டு. தோடு உடைய வேண்டும், உள்ளே பருப்பு உடையக் கூடாது. தோட்டின் எண்ணெய் தொட்ட இடத்தைப் பொள்ளிக்கும். அதனால் விரல்கள் கறுத்து ரேகை அழிந்து போயிருக்கும். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வாங்குகிற எனக்கு அது ஒரு தொல்லை, ஏனென்றால் எல்லாருடைய நாட்டும் ஒன்றுபோல் இருக்கும். தல்லியது போர்மாவுக்குப் போய்ச் சூட்டில் காயும். பிறகு பீலிங், அதாவது மேல்தொலியை உரிப்பது. பிறகு கிரேடிங். 180, 210, 240, 320 என்று தரம். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்குதான் அந்த எண். எண் குறையக் குறைய விலை கூடும். கடைசியில் 25 பவுண்டு டின், காற்றை எடுத்து கரியமில வாயு அடைத்து, ஈயம் வைத்து மூடினால் அது அமெரிக்காவுக்கு. உடைந்தது நாகர்கோவில் பேக்கரிக்கு.

பெரிய முதலாளி எட்டாம் வகுப்பு. நவீனம் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. அதன் பெயர் எல்லை.

கதையைக் கொல்லத்தில் தொடங்க வேண்டும். இந்தத் தொழிலின் தலைநகரம் அது. அங்கே சங்கம் வந்தது, குறைந்தபட்சக் கூலி வந்தது, கூலி ஏறியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழகத்தோடு சேர்ந்தன. தமிழர்களுக்குத் தமிழ் மாவட்டம் கிடைத்தது. முதலாளிமாருக்குக் கூலி வித்தியாசம் கிடைத்தது. அங்கே கூலி ஏறினால் இங்கே ஒரு கொட்டகை எழும். கேரள அரசு 1969-ல் முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. 1974-ல் மூடிக்கிடந்த ஆலைகளைக் கையகப்படுத்தச் சட்டம் போட்டது. 1981-ல் தோட்டண்டிக் கொள்முதலுக்கே தனிச் சட்டம் போட்டது. ஒவ்வொரு சட்டத்தின்போதும் எங்கள் ஊர்ப் பக்கம் லாரிக்கு வாடகை கூடியது. இரவில் களியக்காவிளைச் செக்போஸ்டைச் சுற்றி எத்தனை ஊடுவழி உண்டு என்பது அந்தக் காலத்து லாரிக்காரர்களுக்கு மனப்பாடம்.

"சட்டம் வந்தா சண்டை போடப்பிடாது பிள்ளே, வண்டியைத் திருப்பணும்" என்பார் பெரிய முதலாளி. அவருடைய தொழில் நிர்வாகப் பாடம் அந்த ஒரு வரிதான். இன்றைக்கு இதையே பெரிய கம்பெனிகள் நல்ல கோட்டுப் போட்டுச் சொல்கின்றன.

சட்டம் இங்கேயும் இல்லாமல் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்குத் தனி அறை வேண்டும். எங்களிடம் அந்த அறை இருந்தது. காலிச் சாக்கு அடுக்கியிருந்தோம். இன்ஸ்பெக்டர் வருகிற தகவல் எப்படியோ முந்தின நாளே வந்துவிடும். சாக்கை வெளியே எடுத்து, உத்தரத்தில் இரண்டு சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பீலிங் பெண் ஒருத்தியின் குழந்தையைக் கொண்டுவந்து போடுவோம். நல்ல பிள்ளை; ஒருநாளும் அழுது காட்டிக் கொடுத்ததில்லை. வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையும் அதே ஆபீசில் பீலிங்குக்கு வந்தாள்.

ஆண்களுக்கு மாதச் சம்பளம். பெண்களுக்குக் கிலோக் கணக்கு. இதற்கு யாரும் காரணம் கேட்டதில்லை, ஏனென்றால் யாருக்கும் அது ஏற்பாடாகத் தெரியவில்லை, இயற்கையாகத் தெரிந்தது. அன்னா லிண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1930 முதல் கேரளத்து முந்திரித் தொழிலாளர் கதையைத் தோண்டி 2005-ல் ஒரு புத்தகமே போட்டார். நவீனம் என்று பெயர் சொல்லி நடந்த மாற்றங்களில் பெண்களின் கை எப்படித் தாழ்ந்தது என்பதுதான் அதன் விஷயம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்த ஒருவருக்குத் தெரிந்தது, பக்கத்து நாற்காலியிலிருந்த மேஸ்திரிக்குத் தெரியவில்லை. நாற்காலி அவருக்கு மட்டும் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொண்ணூறுகளில் பெரிய முதலாளியின் மகன், சின்ன முதலாளி, வந்தார். கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். அவருக்கு நவீனம் என்ற சொல் தெரியும், தினமும் தெரியும். முதல் வேலையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு ஏசி போட்ட தனி அறை. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். எங்கள் ஆபீசில் அதற்குமுன் செருப்பைக் கழற்றவைத்த ஒரே இடம் வேளாங்கண்ணி மாதா படம் மாட்டிய மூலை. தல்லுக் கொட்டகையில் ஒரு மின்விசிறி கிடையாது; கம்ப்யூட்டருக்கு வியர்த்தால் ஆகாது. நான் பேரேட்டில் எழுதியதை ஒரு பையன் அதில் ஏற்றுவான். அது கிர்ர் கிர்ரென்று அச்சடித்துத் தரும். அச்சடித்ததை நான் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பேன். இப்படி ஒரு ஆள் செய்த வேலையை மூன்று பேர் செய்யும்படி அவர் முன்னேற்றினார்.

அடுத்து ஜப்பான் வந்தது. சுவரெல்லாம் ஐந்து எஸ். செய்ரி, செய்ட்டோன், செய்ஸோ என்று வரிசையாக அட்டை. பொருளைப் பிரி, ஒழுங்காக வை, துடை, நிலைநிறுத்து, பழக்கமாக்கு என்பது அர்த்தம். குத்துக்காலிட்டு எட்டு மணி நேரம் தல்லிவிட்டு, இடத்தைக் கூட்டி, சாம்பலை அள்ளிக்கொண்டு போகிற பெண்கள் அந்த அட்டையின் கீழேதான் தினமும் துடைப்பத்தைச் சாத்தி வைப்பார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருத்தி "நம்ம அம்மைமாரு ஜப்பானுக்குப் போயிருப்பினுமோ?" என்று கேட்டாள்.

கேலி செய்கிறேனே தவிர, சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. அவர் காலத்தில்தான் டிரம் வறுவல் போய் நீராவி அவியல் வந்தது, புகை குறைந்தது. பெண்களுக்கு மேசையும் ஸ்டூலும் வந்ததும் அவர் காலத்தில்தான். என்றாலும் அது அவர் கருணையால் வரவில்லை. சட்டத்தாலும் சங்கத்தாலும்கூட வரவில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர் அனுப்பிய ஆடிட்டர், தரையில் பருப்புப் பதப்படுத்தினால் டின் வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார். பருப்பு தரையிலிருந்து ஏறியது. அதன் பின்னால் பெண்களும் ஏறினார்கள். கக்கூஸ் கட்டியதும் அதே ஆடிட்டர் புண்ணியம்.

2006-ல் முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் வியட்நாம் இந்தியாவை முந்தியது. அதுவரை நாங்கள் வியட்நாம் என்றால் போர் என்று நினைத்திருந்தோம். அவர்கள் தல்லுக்கு இயந்திரம் செய்தார்கள், செய்ததை விற்கவும் தொடங்கினார்கள். சின்ன முதலாளி ஒன்று வாங்கினார். கன்டெய்னர் வந்த அன்று தேங்காய் உடைத்தோம். அன்றைக்கு முழுதாக உடைந்தது தேங்காய் மட்டும்தான். இயந்திரம் பருப்பைப் பொடியாக்கித் தள்ளியது. கினி-பிசாவ் அண்டி, ஐவரி கோஸ்ட் அண்டி, நாட்டு அண்டி எல்லாவற்றையும் ஒரே வாயில் கொட்டினால் அது வேறு என்ன செய்யும்? அதற்குச் சைஸ் பிரிக்க வேண்டும். பிரித்து அவித்ததை ஆறவைக்க வேண்டும். மூன்று மாதத்தில் அது தார்ப்பாய்க்குள் போனது.

அப்போது ஒரு இறக்குமதி ஏஜென்ட் ஆறுதல் சொன்னார். எழுபதுகளில் தான்சானியாவில் உலக வங்கிக் கடனில் இத்தாலி, ஜப்பான் இயந்திரங்களை வைத்துப் பெரிய பெரிய முந்திரி ஆலைகளைக் கட்டினார்களாம். பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. தோட்டண்டி பழையபடி கப்பலேறிக் கொல்லத்துப் பெண்களின் கல்லுக்கும் கட்டைக்குமே வந்தது. இது உண்மைதான். ஆனால் சின்ன முதலாளி அதிலிருந்து எடுத்துக்கொண்டது, இயந்திரம் நமக்கு ஆகாது என்பதை. இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள் அண்டியைத் தொட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை எடுத்துக்கொண்டிருந்தால் தார்ப்பாய்ச் செலவு மிஞ்சியிருக்கும்.

பெரிய முதலாளியின் பேத்தி வந்தது 2019-ல். இஞ்சினியரிங் படித்துப் பெங்களூரில் ஏதோ கம்பெனியில் இருந்தவள். அப்பாவுக்கு உடம்புக்கு ஆகவில்லை, பாங்க் கடன் கழுத்தில் நின்றது. தாத்தா என்னைப் "பிள்ளே" என்பார், அப்பா "சாரே" என்பார், இவள் "அங்கிள்" என்றாள். சரி, அடுத்த சுவரட்டை வரப்போகிறது என்று நான் ஆணியை எடுத்து வைத்தேன்.

அட்டை வரவில்லை. முதல் சீசன் முழுக்க அவள் ஒன்றுமே செய்யவில்லை. பீலிங் மேசையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து உரித்துப் பார்த்தாள். ஒரு நாளைக்கு அவள் உரித்ததைவிட அவளுக்கு வாங்கிய டீ விலை கூடுதல். மீதி நேரம் என் பழைய பேரேடுகளைத் தூசி தட்டிப் படித்தாள். ஒருநாள் கேட்டாள்:

"அங்கிள், நம்ம பெண்கள் யாருமே இத்தனை வருஷத்துல கிராம் கணக்குல பருப்பு உரிச்சது இல்லையா?"

எடுத்துக் காட்டினாள். பக்கம் பக்கமாக, வருஷம் வருஷமாக, எட்டுக் கிலோ, ஒன்பது கிலோ, ஏழு கிலோ. ஏழு கிலோ நானூறு கிராம் என்று ஒரு வரி இல்லை. மனிதக் கை முந்நூறு பேருக்கும் சரியாக முழுக் கிலோவில் நிற்காது. மேஸ்திரியின் தராசில் மட்டும் நிற்கும். முள் மேஸ்திரி பக்கம் பார்த்திருக்கும். பெண்கள் பார்ப்பது தராசின் முதுகை. மேஸ்திரி சொன்ன எண் என் பேரேட்டில் ஏறும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே விழுந்த கிராமெல்லாம் சேர்ந்துதான் சின்ன முதலாளியின் ஏசி ஓடியது என்றால் மிகையாகாது. முதலாளிமார் இருவருக்கும் தெரியாமல் ஓடிய, எண்ணெயே கேட்காத இயந்திரம் அது.

அவள் செய்தது இவ்வளவுதான்: எலக்ட்ரானிக் தராசு வாங்கி, அதன் எண் காட்டுகிற முகத்தைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்தாள். கூடவே ஒரு சீட்டு அச்சாகி அவர்கள் கைக்குப் போகும். மேஸ்திரி இரண்டு நாள் வயிற்றுவலி என்று வரவில்லை. பிறகு வராமலே நின்றுவிட்டார். அவர் இடத்துக்கு, தல்லிலிருந்து கிரேடிங் வரை எல்லா வேலையும் பார்த்திருந்த ஒரு அக்காவைப் போட்டாள். சாயங்காலம் கேட்டில் பெண்களின் முந்தியை உதறிச் சோதிக்கிற வழக்கத்தையும் நிறுத்தினாள். பருப்புக் களவு கூடியதா குறைந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. முன்பு எவ்வளவு போனது என்று எழுதிவைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும்?

பிறகு போர்டு வந்தது. கரும்பலகைதான், வேறு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலின் உயிர் ஒரே எண்ணில் இருக்கிறது: 80 கிலோ தோட்டண்டி மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு. இதை அவுட்டர்ன் என்போம். நல்ல கினி-பிசாவ் சரக்கு ஐம்பதைத் தாண்டும்; மட்டமான சரக்கு நாற்பத்தைந்தில் நொண்டும். தாத்தா இந்த எண்ணை மடியில் வைத்திருந்தார், அப்பா கம்ப்யூட்டரில் பூட்டிவைத்திருந்தார். இவள் இன்றைய மூட்டை எந்த நாட்டுச் சரக்கு, எத்தனை பவுண்டு வந்தது, முழுப் பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்று எல்லாரும் பார்க்க எழுதிப் போட்டாள். எழுதிய மூன்றாம் வாரம் அந்த அக்கா போர்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது:

"மக்களே, ஒடைசல் கூடுதது எல்லாம் திங்கக்கெழம இல்ல, செவ்வாக்கெழம. திங்கக்கெழம அவிச்சத ஆறவிடாம அன்னைக்கே வெட்டுதீனும், அதுதான் மறுநாளு போர்டுல தெரியுது. சூட்டோட வெட்டினா பொடியத்தான் செய்யும்."

தார்ப்பாயை விலக்கி அந்த வியட்நாம் இயந்திரத்தை வெளியே எடுத்தார்கள். சைஸ் பிரித்து, ஆறவைத்து, நாட்டுக்கு நாடு கத்தியின் இடைவெளியை மாற்றி ஓட்டினால் ஓடியது. பத்து வருஷத்துக்கு மேல் தூங்கிய நவீனம் ஒரு ராத்திரி ஆறவிட்டதில் விழித்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் அவள் எங்களுக்கு ஒரு கதை சொன்னாள். 1979-ல் இருபத்தாறு வயதில் டிவிஎஸ் குடும்பத்து வேணு சீனிவாசன் சுந்தரம் கிளேட்டனுக்குத் தலைமை ஏற்றாராம். அந்தக் குடும்பத்தின் பூர்வீகம் நமக்கு அடுத்த திருக்குறுங்குடி. ஜப்பானில் தரத்துக்காகக் கொடுக்கிற டெமிங் பரிசை அந்தக் கம்பெனியின் பிரேக் பிரிவு 1998-ல் வாங்கியது; டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது. பொறுப்பேற்றதற்கும் பரிசுக்கும் இடையே பத்தொன்பது வருஷம். "நம்ம ஆளுங்க அந்தப் பரிசைப் பார்க்கறாங்க அங்கிள், நடுவுல இருக்கிற பத்தொன்பது வருஷத்தைப் பார்க்கறதில்ல" என்றாள். சின்ன முதலாளியின் ஐந்து எஸ் அட்டைகள் பத்தொன்பது மாதம் சுவரில் இருந்திருந்தால் அதிகம். வாரிசாக வருகிற பிள்ளைகளுக்கு அப்பன் பணத்தில் கிடைக்காத ஒரே முதலீடு இந்தப் பொறுமைதான். அதை இவள் எங்கே கடன் வாங்கினாளோ தெரியவில்லை, பாங்க் கொடுத்திருக்காது.

இனி இதை ஒரு பொற்காலக் கதையாக முடித்துவிட்டு நான் எழுந்து போகலாம். முடியவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தல்லுக் கொட்டகை பாதி காலியாயிற்று. பிறகு நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் வந்தது. கிரேடிங்கில் கண்ணால் வெள்ளையையும் கருகலையும் பிரித்த பெண்கள் குறைந்தார்கள். சிலரைப் பேக்கிங்குக்கும் பரிசோதனைக்கும் மாற்றினாள். எல்லாரையும் மாற்ற இடமில்லை. வயதானவர்கள் பி.எஃப். பணத்தோடு போனார்கள். அவர்களுடைய பெண்பிள்ளைகள் எப்படியும் இந்தப் பக்கம் வருவதில்லை. நர்சிங் படித்து வளைகுடாவுக்குப் போனார்கள், துணிக்கடைக்குப் போனார்கள், மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டியில் போகிறார்கள். அவர்கள் இடத்தில் இப்போது வடமாநிலத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போர்டில் இந்தியிலும் எழுதுகிறோம். குறைந்த கூலி தேடித் தாத்தா எல்லை தாண்டினார். இப்போது கூலி தேடி ஆட்கள் எத்தனையோ எல்லை தாண்டி நம்மிடம் வருகிறார்கள். சனிக்கிழமை கேட்டுக்கு வெளியே நிற்கிற வட்டிக்காரர் மட்டும் உள்ளூர்க்காரர். அவரும் க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார்.

தாத்தாவின் பாடம் இனிச் செல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். தோட்டண்டி விளைகிற ஆப்பிரிக்க நாடுகள் அதைத் தங்கள் ஊரிலேயே உடைத்துக் காசாக்கப் பார்க்கின்றன. உலகத்தில் அதிகம் விளைகிற ஐவரி கோஸ்ட் ஆலை மேல் ஆலையாகக் கட்டுகிறது. பெனின் நாடு 2024-ல் பச்சைத் தோட்டண்டி ஏற்றுமதிக்கே தடை போட்டது. சட்டம் வந்தால் வண்டியைத் திருப்பலாம். சரக்கே வராவிட்டால் வண்டியை எங்கே திருப்புவது? ஓட இடமில்லாத முதல் தலைமுறை இது. அதனால்தான் அது முதல் முறையாகக் கொட்டகைக்குள்ளே திரும்பிப் பார்த்தது என்பது என் கட்சி. படிப்பால் அல்ல, வயதாலும் அல்ல. இதே பேத்தி 1977-ல் இந்த ஆபீசுக்கு வந்திருந்தால் அவளும் ஒரு லாரிதான் வாங்கியிருப்பாள்.

ஆண்களுக்கு மாதச் சம்பளம், பெண்களுக்குக் கிலோக் கணக்கு என்பது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. கிலோ இப்போது கிராம் வரை நேர்மையாக இருக்கிறது, அவ்வளவே. போன மாதம் அவளிடம் இதைக் கேட்டேன்.

"அதைத் தொட்டா இந்த வருஷம் கடன் அடையாது அங்கிள். அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள்.

இருக்கலாம். பாங்க் கடன் எவ்வளவு, அதில் அடைத்தது எவ்வளவு, பெண்களுக்கும் மாதச் சம்பளம் என்றால் எவ்வளவு கூடும் என்பதை அவள் அந்தக் கரும்பலகையிலேயே எழுதிப் போட வேண்டும். அவுட்டர்ன் கணக்குக்குக் கீழே இடம் காலியாகத்தான் இருக்கிறது.